பெட்டிக்கு உயிர் கொடுத்த வாத்தியார்: கேரி கில்டால்

(இறுதியாண்டு, கணிப்பொறிப் பொறியியல் பிரிவு)

கணிப்பொறியின் கதை என்று ஆரம்பித்தாலே நம் நண்பர்கள் சட்டென்று சொல்லும் பெயர் பில் கேட்ஸ். அடுத்தது ஸ்டீவ் ஜாப்ஸ். மூன்றாவதாக ஒரு பெயர் சொல்லுங்கப்பா என்று கேட்டால் பாதிப் பேர் மேலே ஃபேனைப் பார்க்கிறார்கள். ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று நம் சங்கச் செயலாளர் கேட்டதும், அந்த மூன்றாவது பெயரைப் பற்றித்தான் எழுதுவது என்று முடிவு பண்ணிட்டேன். அவர்தான் கேரி கில்டால். சின்னக் கணிப்பொறிகளுக்கென்று ஓர் எளிய ஆபரேட்டிங் சிஸ்டத்தை முதன்முதலில் ஊர் முழுக்கப் பரப்பியவர். இறந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

இவர் மேல் எனக்கு அக்கறை வந்த காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என்னிடம் இருப்பது யாரோ உபயோகித்துவிட்டுக் கொடுத்த ஒரு சின்ன லேப்டாப். மெமரி 2 ஜி.பி. இப்போது வரும் விண்டோஸை அதில் ஏற்றினால் டீ குடித்துவிட்டு வரலாம், அப்போதும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். எங்கள் லேப் சார் பப்பி லினக்ஸ் என்று ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். சில நூறு எம்.பி.தான். செத்த மெஷின் எழுந்து உட்கார்ந்துவிட்டது! இவ்வளவு சிறிசாக ஒரு சிஸ்டம் எப்படிச் செய்ய முடியும் என்று தேடிப் போனேன். போகப் போக எம்.பி. குறைந்து கே.பி. ஆனது. கடைசியில் 1974-ல் கலிபோர்னியாவில் ஒரு வாத்தியார் வீட்டுக் கொட்டகையில் போய் நின்றேன்.

கில்டால் பிறந்தது 1942 மே 19-ம் தேதி, அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில். அப்பா கப்பல் கேப்டன். கப்பல் ஓட்டுபவர்களுக்கு வழி கணக்கிடச் சொல்லித்தரும் ஒரு பள்ளியைக் குடும்பமே நடத்தி வந்தது. நட்சத்திரத்தைப் பார்த்து, அட்டவணையைப் பார்த்து, கடலில் எங்கே இருக்கிறோம் என்று கணக்குப் போடும் படிப்பு அது. பையனும் அங்கே பாடம் நடத்தியிருக்கிறார். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது அவருக்கு இருந்த ஆசை கணக்கு வாத்தியார் ஆகவேண்டும் என்பதுதான். அங்கே கணிப்பொறியைப் பார்த்தார். ஆசை திசை மாறிவிட்டது.

வியட்நாம் யுத்த காலம். அமெரிக்காவில் இளைஞர்கள் கட்டாயமாகப் படைச் சேவை செய்தாக வேண்டும். கில்டாலுக்குக் கிடைத்தது நல்ல வழி. மான்டரே என்ற கடற்கரை ஊரில் கடற்படையின் பட்டமேற்படிப்புக் கல்லூரியில் ஆசிரியர் வேலை. ஊரைப் பிடித்துப் போனது, வேலையைப் பிடித்துப் போனது, கட்டாயக் காலம் முடிந்தும் அங்கேயே தங்கிவிட்டார். இடையில் சியாட்டில் போய் 1972-ல் டாக்டர் பட்டமும் வாங்கினார். அவருடைய ஆராய்ச்சி கம்பைலர் பற்றியது. நாம் எழுதும் புரோகிராமை முழுசாகப் பார்த்து, எந்த மதிப்பு எங்கே போகிறது என்று கண்டுபிடித்துத் தேவையில்லாத வேலையை வெட்டும் முறையை 1973-ல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். இன்றைய கம்பைலர் பாடப் புத்தகங்களிலும் அந்த முறைக்கு இடம் உண்டு. இதை ஏன் சொல்கிறேன் என்றால், கில்டாலைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவரை ஏதோ அதிர்ஷ்டம் கெட்ட வியாபாரி மாதிரி பேசுகிறார்கள். அவர் முதலில் படித்தவர், சொல்லிக்கொடுத்தவர்.

1971-ல் இன்டெல் கம்பெனி 4004 என்ற சில்லை வெளியிட்டது. ஒரே சில்லுக்குள் ஒரு பிராசஸர்! ஆனால் இன்டெல்காரர்களே அதை டிராஃபிக் சிக்னலுக்கும் கால்குலேட்டருக்கும் ஆன உதிரி பாகமாகத்தான் பார்த்தார்கள். கில்டால் மட்டும் அதை ஒரு கணிப்பொறியாகப் பார்த்தார். லீவு நாட்களில் மான்டரேயிலிருந்து இன்டெல்லுக்குப் போய் ஆலோசகராக வேலை செய்தார். 1973-ல் பி.எல்./எம். என்ற மொழியை உருவாக்கிக் கொடுத்தார். அசெம்பிளியில் கஷ்டப்பட்டு எழுதாமல், மனுஷனுக்குப் புரிகிற மாதிரி மைக்ரோபிராசஸருக்குப் புரோகிராம் எழுத வந்த முதல் மொழி அது. நாம் 8085 லேபில் ஆப்கோடு ஷீட்டைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு எண்ணாக அழுத்துகிறோமே, அந்த வேதனை தெரிந்தவர்களுக்கு அதன் அருமை புரியும்.

இன்டெலக்-8 என்ற இன்டெல் கணிப்பொறி ஒன்று அவர் கைக்கு வந்தது. வந்த பிறகுதான் பிரச்சினை. அந்தக் காலத்தில் புரோகிராமைச் சேமித்து வைக்க ஓட்டை போட்ட காகித நாடாதான். ஒரு சின்னத் திருத்தம் என்றாலும் நாடாவை மறுபடி ஓட்ட வேண்டும், மறுபடி குத்த வேண்டும். அப்போது ஃபிளாப்பி டிரைவ் புதுசாக வந்திருந்தது. ஷுகார்ட் கம்பெனியிடமிருந்து, சோதித்துச் சோதித்துத் தேய்ந்துபோன ஒரு 8 அங்குல டிரைவைக் கில்டால் வாங்கி வந்தார். டிரைவ் இருக்கிறது, அதைக் கணிப்பொறியோடு சேர்க்க கன்ட்ரோலர் இல்லை. தானே செய்து பார்த்தார், சரிப்படவில்லை. கடைசியில் பல்கலைக்கழக நண்பர் ஜான் டோரோட் அந்த எலெக்ட்ரானிக்ஸ் வேலையைச் செய்து கொடுத்தார். கில்டால் அதை ஓட்டும் புரோகிராமை பி.எல்./எம். மொழியில் எழுதினார். 1974-ல், பசிபிக் குரோவ் என்ற சின்ன ஊரில், வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில், அது ஓடியது.

அந்த சிஸ்டத்தின் பெயர் சி.பி./எம். (நம் ஊரில் இந்த மூன்று எழுத்துக்கு வேறு அர்த்தம் உண்டு. தோழர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்!) மைக்ரோகணிப்பொறிகளுக்கான கட்டுப்பாட்டுப் புரோகிராம் என்பது பின்னால் நிலைத்த விரிவு. இன்டெல்லிடம் கொண்டுபோய்க் காட்டினார். பி.எல்./எம். மொழியை எடுத்துக்கொண்ட அவர்கள் இதை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆக உரிமை அவர் கையிலேயே தங்கியது. மனைவி டோரதியும் அவரும் சேர்ந்து ஒரு கம்பெனி தொடங்கினார்கள். முதலில் வைத்த பெயர் இன்டர்கேலக்டிக் டிஜிட்டல் ரிசர்ச், அதாவது அண்டம் தாண்டிய கம்பெனி! பிற்பாடு டிஜிட்டல் ரிசர்ச் என்று சுருக்கிக்கொண்டார்கள். தனி ஆட்களுக்கு ஒரு பிரதி 70 டாலர். கணக்கு வழக்கு, கடிதம், ஆர்டர் எல்லாம் டோரதியின் பொறுப்பு.

இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கொஞ்சம் டெக்னிக்கலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்குத் தெருவுக்கு ஒரு கம்பெனி கணிப்பொறி செய்துகொண்டிருந்தது. ஒருவன் டிரைவ் ஒரு மாதிரி, இன்னொருவன் டெர்மினல் வேறு மாதிரி. ஒவ்வொன்றுக்கும் சிஸ்டத்தை முதலிலிருந்து மாற்றி எழுதுவது என்றால் ஆயுசு போதாது. கில்டால் என்ன செய்தார் தெரியுமா? மெஷினுக்கு மெஷின் மாறுகிற வேலைகளை மட்டும் தனியாகப் பிரித்து ஓர் ஓரமாக வைத்தார். ஒரு எழுத்தைத் திரைக்கு அனுப்பு, கீபோர்டிலிருந்து ஒரு எழுத்து வாங்கு, டிஸ்க்கில் இந்த டிராக்குக்குப் போ, இந்த செக்டரைப் படி, எழுது. அவ்வளவுதான். இந்தப் பகுதிக்கு அவர் வைத்த பெயர்தான் பயாஸ். ஆமாம் நண்பர்களே, லேப்டாப்பை ஆன் பண்ணும்போது எஃப்2 அழுத்தி நாம் உள்ளே போகிறோமே, அந்தப் பயாஸ் என்ற சொல் இவர் போட்டது. இன்றைய மெஷின்களில் உள்ளே இருப்பது யூ.இ.எஃப்.ஐ. என்றாலும் நம் வாயில் வருவது பயாஸ்தான்.

எங்கள் அம்மா வீட்டில் தையல் மெஷின் வைத்திருக்கிறார்கள். தெருவில் இருக்கும் அத்தனை பேருக்கும் அம்மாதான் ஜாக்கெட் தைப்பது. ஆளுக்கு ஒரு புதுத் தையல் முறையா கண்டுபிடிக்கிறார்கள்? இல்லை. வெட்டும் முறை ஒன்றுதான். அளவு ஜாக்கெட் மட்டும் ஆளுக்கு ஆள் வேறு. பயாஸ் என்பது அந்த அளவு ஜாக்கெட். புதுக் கணிப்பொறி செய்கிறவன் அந்த அளவை மட்டும் எழுதிக் கொடுத்தால் போதும், மீதி சிஸ்டம் அப்படியே பொருந்தும். மீதி என்பது இரண்டே பகுதி. ஃபைல்களை நிர்வாகம் பண்ணும் பகுதி 3.5 கே.பி. நாம் அடிக்கும் கட்டளையைப் புரிந்துகொள்ளும் பகுதி 2 கே.பி. 8 அங்குல ஃபிளாப்பியில் மொத்தம் 77 டிராக். அதில் முதல் இரண்டு டிராக்கில் பூட் லோடர் முதல் பயாஸ் வரை முழு சிஸ்டமும் அடங்கிவிடும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு டிராக்குக்கு 26 செக்டர், செக்டருக்கு 128 பைட், இரண்டு டிராக்குக்கு 6,656 பைட். நான் லேபில் எடுத்த ஒரு செல்ஃபி இதைவிட நூறு மடங்குக்கு மேல் பெரிசு!

பெரிய புரோகிராம் ஒன்று இடம் கேட்டால் கட்டளை புரிந்துகொள்ளும் பகுதி தன் இடத்தையும் விட்டுக்கொடுத்துவிடும். வேலை முடிந்ததும் டிஸ்க்கிலிருந்து மறுபடி வந்து உட்கார்ந்துகொள்ளும். அதிகபட்சம் 64 கே.பி. மெமரிதான் அந்த மெஷின்களில். அதில் ஒரு பைட் கூட தனக்கென்று வீணாக வைத்துக்கொள்ளக் கூடாது என்ற நினைப்போடு எழுதப்பட்ட சிஸ்டம் அது. சம்பளம் வாங்கி வந்து எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியாகச் சாப்பிட உட்காருகிறவர்களை நாம் வீட்டில் பார்த்திருக்கிறோமே, அது மாதிரி என்று எனக்குத் தோன்றியது.

1977-ல் இம்சாய் என்ற கம்பெனி 25,000 டாலர் கொடுத்து உரிமம் வாங்கியது. அதன்பின் வரிசை கட்டி வந்தார்கள். வேர்ட்ஸ்டார், டிபேஸ் 2 எல்லாம் இந்த சிஸ்டத்தின் மேல் வளர்ந்த பிள்ளைகள். 1981-ல் 3,000 வகைக் கணிப்பொறிகளில் சி.பி./எம். ஓடியதாகக் கணக்கு. டிஜிட்டல் ரிசர்ச்சின் ஆண்டு வருமானம் 54 லட்சம் டாலர். அதே ஆண்டு வந்த ஆஸ்போர்ன் 1 என்ற கணிப்பொறியை மூடிப் பெட்டி மாதிரி கையில் தூக்கிக்கொண்டு போகலாம். எடை சுமார் 11 கிலோ, திரை 5 அங்குலம். லேப்டாப்பின் தாத்தா என்று வைத்துக்கொள்ளுங்கள். 1984-ல் எப்சன் கம்பெனி பி.எக்ஸ்-8 என்று நிஜமாகவே மடியில் வைக்கக்கூடிய ஒன்றைக் கொண்டுவந்தது. எட்டு வரித் திரை, பேட்டரி, சின்ன கேசட். சி.பி./எம். ராம் சில்லிலேயே அல்ல, அழியாத ரோம் சில்லிலேயே பதிந்திருந்தது. ஆன் பண்ணினால் சிஸ்டம் தயார். என் 2 ஜி.பி. லேப்டாப்பை வைத்துக்கொண்டு நான் தேடிய விஷயம் நாற்பது வருஷத்துக்கு முன்னாலேயே முடிந்துபோன வேலை!

சரி, இவ்வளவு செய்தவரை ஏன் யாருக்கும் தெரியவில்லை? இதற்கு ஊரெல்லாம் ஒரு கதை சொல்றாங்க. 1980-ல் ஐ.பி.எம். கம்பெனி தன் புதிய பி.சி.க்கு ஆபரேட்டிங் சிஸ்டம் தேடி அவர் வீட்டு வாசலுக்கு வந்ததாம். அவரோ ஜாலியாக விமானம் ஓட்டப் போய்விட்டாராம். அதனால் அதிர்ஷ்டம் பில் கேட்ஸ் வீட்டுக்குப் போய்விட்டதாம். கேட்க சுவாரஸ்யமாக இருக்கிறது. மோட்டிவேஷன் வகுப்பில் கூட இதைச் சொல்லி, வாய்ப்பு வந்தால் வீட்டில் இருங்கள் என்று எங்களுக்கு அறிவுரை சொன்னார்கள்.

நடந்தது இவ்வளவு எளிது இல்லை. கில்டாலுக்கு விமானம் ஓட்டத் தெரியும், சொந்த விமானமும் இருந்தது, அன்று காலை பறந்ததும் உண்மை. ஆனால் போனது வேறொரு கம்பெனிக்காரரைத் தொழில் விஷயமாகச் சந்திக்க. ஐ.பி.எம்.காரர்களிடம் பேச டோரதி இருந்தார், வழக்கமாக ஒப்பந்தங்களைப் பார்ப்பவரே அவர்தான். ஐ.பி.எம். நீட்டியது ஒரு ரகசியக் காப்பு ஒப்பந்தம். ஒரு பக்கத்துக்கே சாதகமாக இருந்த அதில், வக்கீலைக் கேட்டுவிட்டு, அவர் உடனே கையெழுத்துப் போடவில்லை. படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாத ஒரு பெண்ணை முட்டாள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. எங்கள் வீட்டில் கைநாட்டு வைத்துப் பட்ட பாடு எனக்குத் தெரியும். மத்தியானம் கில்டால் திரும்பி வந்தார். அதன்பின் பேச்சு எங்கே முறிந்தது என்பதில் இரு தரப்பும் வேறு வேறாகச் சொல்கின்றன. மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொள், பெயரையும் மாற்று என்று ஐ.பி.எம். கேட்டதும், விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் பங்கு வேண்டும் என்பது டிஜிட்டல் ரிசர்ச்சின் வழக்கமாக இருந்ததும் பெரிய இடைஞ்சல்.

இந்த நேரத்தில் கில்டாலின் சொந்த ஊரான சியாட்டில் பக்கத்திலேயே, சியாட்டில் கம்ப்யூட்டர் புராடக்ட்ஸ் என்ற சிறிய கம்பெனியில் டிம் பேட்டர்சன் என்ற இளைஞர் புதிய 8086 சில்லுக்கு ஒரு சிஸ்டம் எழுதியிருந்தார். சி.பி./எம். புரோகிராம்களைச் சுலபமாக மாற்றி ஓட்டவேண்டும் என்பதற்காக, சிஸ்டத்தை அழைக்கும் முறைகளை சி.பி./எம். மாதிரியே அமைத்திருந்தார். மைக்ரோசாஃப்ட் முதலில் அதற்கு உரிமம் எடுத்தது. 1981 ஜூலையில் 50,000 டாலர் கொடுத்து முழு உரிமையையும் வாங்கிக்கொண்டது. அதுதான் எம்.எஸ். டாஸ். கில்டாலின் உழைப்பை எடுத்துக்கொண்டார் என்று 2004-ல் ஒரு புத்தகம் எழுதியபோது பேட்டர்சன் வழக்குப் போட்டார், 2007-ல் அது தள்ளுபடியானது. தான் மூலநிரலைத் தொட்டதே இல்லை என்பது பேட்டர்சன் கட்சி. நான் படித்த வரையில் அதை நம்பலாம் என்றுதான் தோன்றுகிறது. கட்டடத்தைத் திருடவில்லை. ஆனால் வாசல் எங்கே, படிக்கட்டு எங்கே என்ற பிளான் கில்டாலுடையது.

கில்டால் எதிர்ப்புத் தெரிவித்தார். வழக்கு வேண்டாம், உங்கள் சிஸ்டத்தையும் சேர்த்து விற்கிறோம் என்று ஐ.பி.எம். சமாதானம் செய்தது. 1981 ஆகஸ்டில் பி.சி. அறிமுகமானது. 1982-ல் சி.பி./எம்.-86 விற்பனைக்கு வந்தபோது விலை என்ன தெரியுமா? பி.சி. டாஸ் 40 டாலர். சி.பி./எம்.-86 240 டாலர்! ஒரே ஊருக்குப் போகும் இரண்டு பஸ். ஒன்றில் 40 ரூபாய், இன்னொன்றில் 240 ரூபாய் என்றால் நாம் எதில் ஏறுவோம்? என் கருத்தில் கில்டால் தோற்றது ஆகாயத்தில் இல்லை, இந்த விலைப் பட்டியலில்தான்.

அதற்குப் பிறகும் அவர் சும்மா உட்கார்ந்துவிடவில்லை. 1983-லிருந்து 1990 வரை கணிப்பொறி பற்றிய ஒரு டி.வி. நிகழ்ச்சியைச் சேர்ந்து நடத்தினார். அதில் சிலவற்றைப் பார்த்தேன். அதட்டல் இல்லை, அலட்டல் இல்லை, புரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்கிற ஆசிரியர் முகம். 1985-ல் ஒரு முழுக் கலைக்களஞ்சியத்தை சி.டி.யில் ஏற்றி வெளியிட்டது அவர் தொடங்கிய இன்னொரு கம்பெனி. 1988-ல் டிஜிட்டல் ரிசர்ச் டி.ஆர். டாஸ் என்று எம்.எஸ். டாஸுக்கே போட்டியாக இறங்கியது. 1990-ல் வந்த அதன் ஐந்தாம் பதிப்பில் லேப்டாப்பின் பேட்டரியை மிச்சப்படுத்தும் வசதி இருந்தது. வேலை இல்லாத நேரம் பிராசஸரைத் தூங்க வைப்பது! 1991-ல் கம்பெனி நாவெல் நிறுவனத்தின் கைக்குப் போனது.

காசு வந்தது, விமானங்கள் வந்தன. டோரதியுடனான மணவாழ்க்கை நிலைக்கவில்லை. குடிப்பழக்கமும் சேர்ந்துகொண்டது. இதை மறைத்து எழுதினால் வாழ்த்து மடல் ஆகிவிடும்.

1992-ல் ஒன்று நடந்தது. அவர் படித்துப் பட்டம் வாங்கிய வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் கணிப்பொறித் துறைக்கு வெள்ளி விழா. அழைப்பு வந்தது. ஆனால் சிறப்புப் பேச்சாளர் பில் கேட்ஸ். அந்தத் துறையில் டாக்டர் பட்டம் வாங்கிய பழைய மாணவர் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார வேண்டும், வேறு கல்லூரியில் படிப்பைப் பாதியில் விட்டவர் மேடையில் பேசுவார். இது அவருக்கு ரொம்ப வலித்திருக்கிறது. எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டி முதலில் காலேஜ் படி ஏறியவன் நான். சர்ட்டிபிகேட் வாங்கினால் மரியாதை தானாக வரும் என்று நம்பித்தான் அப்பா லோடு மூட்டை தூக்கிப் படிக்க வைக்கிறார். இந்தச் சம்பவத்தைப் படித்த அன்று எனக்குக் கொஞ்ச நேரம் வேறு எதிலும் மனம் போகவில்லை. கில்டால் அந்த வலியோடு தன் கதையைத் தானே எழுத உட்கார்ந்தார். எழுதியதை நெருங்கிய சிலருக்கு மட்டும் கொடுத்தார்.

1994 ஜூலை 8-ம் தேதி மான்டரேயில் ஓர் உணவு விடுதியில் அவருக்குத் தலையில் அடிபட்டது. மூன்று நாள் கழித்து, ஜூலை 11-ம் தேதி காலமானார். வயது 52. சியாட்டிலில் அடக்கம்.

2001-ல் சி.பி./எம். உரிமையை வைத்திருந்தவர்கள் அதை இலவசமாகப் பகிர அனுமதித்தார்கள். 2022-ல் அந்த அனுமதியை இன்னும் தெளிவாக்கினார்கள். அதனால் இன்று யாரும் மூலநிரலையே எடுத்துப் படிக்கலாம். என் சின்ன லேப்டாப்பில் எமுலேட்டர் போட்டு ஓட்டிப் பார்த்தேன். என்டர் தட்டிய விரலை எடுப்பதற்குள் ஃபைல் பட்டியல் வந்து நிற்கிறது. டிரைவுக்கு ஏ, பி என்று எழுத்து, பெயருக்கு எட்டு எழுத்து, புள்ளி வைத்து மூன்று எழுத்து. எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதா? நம் விண்டோஸில் இன்றும் சி டிரைவ் என்றுதானே சொல்கிறோம். 2014-ல் பசிபிக் குரோவில், பழைய டிஜிட்டல் ரிசர்ச் அலுவலகமாக இருந்த வீட்டின் முன் உலக மின் பொறியாளர் சங்கமான ஐ.இ.இ.இ. ஒரு நினைவுப் பலகை பதித்தது.

அவர் எழுதிய சுயசரிதையின் முதல் ஏழு அத்தியாயங்களை அவர் பிள்ளைகள் சம்மதித்து, 2016-ல் கணிப்பொறி வரலாற்று மியூசியம் வெளியிட்டது. பிந்திய அத்தியாயங்கள் அவருடைய கஷ்ட காலத்தில் எழுதியவை என்று குடும்பத்தார் வெளியிடவில்லை. டிக்ஷனரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருபது நாளில் அந்த ஏழையும் படித்து முடித்தேன். ஆங்கிலம் கஷ்டமில்லை, வகுப்பில் நின்று சொல்வது மாதிரி எழுதியிருக்கிறார். பிரிண்ட் எடுத்து, பைண்டு பண்ணி, நம் லேபில் இரண்டாவது பீரோவின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். வேண்டியவர்கள் லேப் அசிஸ்டென்ட் அண்ணனிடம் சொல்லிவிட்டு எடுத்துக்கொள்ளலாம். கஷ்டமான வார்த்தைகளுக்கு ஓரத்தில் பென்சிலால் தமிழில் அர்த்தம் எழுதியிருக்கிறேன், தயவுசெய்து அழிக்க வேண்டாம்.